கட்சிக்காரரும் கட்சிக்காரரும்

காலை எட்டரைக்குக் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் போனால் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டியிருக்கும். கோவைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சிரேஷ்டரின் பின்னால் ஓடும் கனிஷ்ட சட்டத்தரணிகள், சத்தியக்கடதாசி அடித்துத் தருகிற கடைகள், இரவு பஸ்ஸில் வந்திறங்கி முகம்கூடக் கழுவாமல் நிற்கிற வெளியூர்ச் சனம், பக்கத்திலேயே சட்டக் கல்லூரி. இரவானால் அந்தப் பகுதியே கொத்துச் சத்தமாக மாறிவிடும். இப்போதைய பிள்ளைகளுக்குப் புதுக்கடை என்றால் சாப்பாட்டுத் தெரு. எங்கள் பெரியப்பாவுக்கு அது "அப்புக்காத்துமார் இருக்கிற இடம்". நாட்டை அங்கிருந்துதான் நடத்துகிறார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். தமிழ் அரசியலை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர் நம்பியதில் பெரிய பிழை இல்லை.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது. வழக்கோடு சட்டத்தரணியிடம் வருகிறவரும் கட்சிக்காரர்தான், தேர்தலில் கொடி பிடிக்கிறவரும் கட்சிக்காரர்தான். ஊர் நீதிமன்றத்தில் தொழில் பார்த்த ஒருவர் பாராளுமன்றம் போனால் முதலாவது கட்சிக்காரர் மெல்ல மெல்ல இரண்டாவது கட்சிக்காரர் ஆகிவிடுவார். இலங்கைத் தமிழ் அரசியலில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2024 ஜூன் 30 அன்று கொழும்பில் தமது 91 ஆவது வயதில் காலமான, திருகோணமலைச் சட்டத்தரணியும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவருமான இரா. சம்பந்தனின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்த்தால், அவர் ஏன் அப்படிப் பேசினார், ஏன் அவ்வளவு காத்திருந்தார் என்பது ஓரளவு விளங்கும்.

ஏன் சட்டத்தரணிகள்? பேச்சு வன்மை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பேசத் தெரிந்த ஆசிரியர்களும் நம்மிடம் நிறையவே இருந்தார்கள். ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் அரசாங்கத்தை எதிர்த்து மேடை ஏறினால் அடுத்த மாதம் சம்பளம் வராது. சட்டத்தரணிக்கு அந்தப் பயம் இல்லை. தோற்றாலும் திங்கட்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். இன்னொரு விஷயமும் உண்டு. ஊரில் யாருக்கு எவ்வளவு காணி, எந்த வேலிச் சண்டை எந்தத் தலைமுறையில் தொடங்கியது, எந்தப் பிள்ளைக்குச் சீதனம் எழுதிக் கொடுத்தார்கள், எது பரம்பரையாக வந்த முதுசம், எது தாங்களே சம்பாதித்த தேடியதேட்டம், எல்லாமே அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த நாளிலிருந்து அந்தச் சொற்கள் வழக்குக் கட்டுகளில்தான் வாழ்கின்றன. வாக்காளர் பட்டியலைப் பார்க்காமலே வாக்காளரைத் தெரிந்தவர் என்றால் அது ஊர்ச் சட்டத்தரணிதான்.

அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் இரண்டு தட்டுகள் இருந்தன. வழக்கைத் தயாரித்துக் கொடுப்பவர் பிரக்கிராசி. அவர் பெரும்பாலும் நொத்தாரிசாகவும் இருந்து உறுதி முடிப்பார். பெரிய நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன சொற்கள். 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இந்தப் பிரிவினையை ஒழித்து, 1974 முதல் எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. ஆனாலும் பெரியப்பாவின் தலைமுறை கடைசிவரை "அப்புக்காத்தர்" என்றே சொன்னது.

முதல் தலைமுறைத் தலைவர்கள் ஊருக்குப் பேர் வைத்துக்கொண்டு கொழும்பில் தொழில் செய்தவர்கள். ஜீ.ஜீ. பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளில் பேரெடுத்தவர். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் சிவில் வழக்குக்காரர். மெலிந்த குரல், ஆனால் சட்ட நூல் அறிவில் அவரை அசைக்க முடியாது. இருவரின் அரசியலிலும் அவரவர் தொழில் அப்படியே தெரியும். சுதந்திரத்துக்கு முன், அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவிடம் பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி சிறுபான்மையினருக்கு என்று கேட்டதை, நடுவர் முன்னால் நிற்கும் அப்புக்காத்தின் வாதமாகவே வாசிக்கலாம். செல்வநாயகமோ பிரதமர்களோடு ஒப்பந்தம் எழுதினார். 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவோடு, 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவோடு. முதலாவது 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது, இரண்டாவதன் மாவட்ட சபைத் திட்டம் 1968 இல் மடிந்தது. எங்கள் ஊரில் காணிப் பத்திரத்தையே உறுதி என்றுதானே சொல்கிறோம். கையெழுத்திட்ட ஒன்றை எதிராளி கிழித்துப் போடுவான் என்று ஒரு சிவில் வழக்குக்காரரின் மனம் எளிதில் எண்ணாது. கிழித்தால் நீதிமன்றம் இருக்கிறதே என்றுதான் எண்ணும்.

இந்த எண்ணத்துக்கு விழுந்த பெரிய அடி கோடீஸ்வரன் வழக்கு. சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத ஒரு தமிழ் எழுதுவினைஞரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று அதை மாற்றியது. 1969 இல், அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறை மன்றம் (பிரிவி கவுன்சில்), போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற உண்மையான கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971 இல் கோமறை மன்றத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பில், சிறுபான்மையினருக்கு எதிரான சட்டங்களைத் தடுத்து நின்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவும் போய்விட்டது. வழக்காளி உயிரோடு இருக்கிறார், கட்டும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் வழக்கு நின்ற சட்டமும் அதைக் கடைசியாகக் கேட்க இருந்த மன்றமும் இல்லை.

மலையகத்தில் கதை வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியபோது, வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டு கோடக்கன்பிள்ளை வழக்கும் லண்டன்வரை போய் 1953 இல் தோற்றது. அங்கே அரசியல் தொழிற்சங்கத்தின் கைக்குப் போனது, சட்டத்தரணியின் கைக்கு வரவில்லை. லயன் அறைக்கு உறுதி இல்லை. சொந்தக் காணி இல்லாத இடத்தில் காணி வழக்கு இல்லை, காணி வழக்கு இல்லாத இடத்தில் ஊர்ச் சட்டத்தரணி எப்படி முளைப்பார்?

சரி, சம்பந்தனுக்கு வருவோம்.

1933 பெப்ரவரி 5 இல் பிறந்தவர். சட்டக் கல்லூரியில் படித்து, கொழும்பில் தங்கிவிடாமல் திருகோணமலைக்குத் திரும்பி அங்கேயே தொழில் செய்தார். செல்வநாயகத்தின் தலைமுறைக்கும் இவருடைய தலைமுறைக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் கொழும்பிலிருந்து தொகுதிக்குப் போனார்கள், இவர் தொகுதியிலிருந்து கொழும்புக்கு வந்தார். திருகோணமலையில் ஒரு சட்டத்தரணிக்குக் காணி என்பது அண்ணன் தம்பிச் சண்டையோடு முடிகிற விஷயமும் இல்லை. குடியேற்றத் திட்டங்கள், அரச காணி, மூன்று இனத்தவரும் நெருக்கமாக வாழ்கிற மாவட்டம். நீதிமன்றத்தில் ஒரு வேலிப் பிரச்சினையைத் தொட்டால் அதன் மறுமுனை அமைச்சரவையில் இருக்கும். அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும்போதெல்லாம் காணி அதிகாரத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

செல்வநாயகம் தொடங்கிய தமிழரசுக் கட்சியில் நெடுங்காலம் இருந்தும் தேர்தலுக்கு அவர் அவசரப்படவில்லை. 1977 ஜூலையில்தான், 44 வயதில், தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் திருகோணமலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் வந்தார். காலிமுகத் திடலோரம் இருந்த பழைய பாராளுமன்றம் அது. கோட்டேக் கட்டடம் 1982 இல்தான் திறக்கப்பட்டது. தேர்தலுக்கு முந்திய ஆண்டில், 1976 இல், அமிர்தலிங்கம் உள்ளிட்ட கூட்டணித் தலைவர்கள் துண்டுப் பிரசுரம் விநியோகித்த குற்றச்சாட்டில் நீதிபதிகள் குழாமின் முன் நிறுத்தப்பட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் எதிரெதிர் அணியில் நின்ற செல்வநாயகமும் பொன்னம்பலமும் அந்த வழக்கில் ஒரே பக்கம் தோன்றினார்கள். சுமார் எழுபது சட்டத்தரணிகள். இரண்டு கட்சித் தலைவர்களையும் ஒன்றாக நிறுத்த ஒரு வழக்குத்தான் தேவைப்பட்டது போலும். மறு ஆண்டு இருவருமே இல்லை.

1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இல் 140 ஆசனங்களை அள்ளிக்கொண்டு போனது. 18 ஆசனம் எடுத்த கூட்டணி, எண்ணிக்கைக் கணக்கில், பிரதான எதிர்க்கட்சியானது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். தனிநாட்டுக்கு ஆணை கேட்டு வென்றவர் ஒரே நாட்டின் பாராளுமன்றத்தில் அரசாங்கத்துக்கு மாற்றாக உட்கார்ந்தார். இந்த விநோதத்தை அப்போது பலர் ரசித்திருக்கலாம். ஆறு வருடத்தில் அது முடிந்தது. 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு, ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. பிரிவினையைக் கைவிடுவதாக உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. கூட்டணியினர் மறுத்துச் சபைக்குப் போகவில்லை. தொடர்ந்து மூன்று மாதம் அனுமதியில்லாமல் வராவிட்டால் ஆசனம் காலியாகும் என்பது விதி. அந்த ஆண்டு முடியுமுன் அவர்களுடைய ஆசனங்கள் போயின. சம்பந்தனுடையதும்தான். சட்டத்தரணிகள் நிறைந்த ஒரு கட்சியை ஒரு வருகைப் பதிவு விதி வெளியே அனுப்பியது.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 1989 இல் தோல்வி. 1994 இல் கூட்டணிக்குத் திருகோணமலையில் கிடைத்த ஆசனம் அ. தங்கத்துரைக்குப் போனது. 1997 ஜூலை 5 இல் தங்கத்துரை கொல்லப்பட, வெற்றிடத்துக்குச் சம்பந்தன் வந்தார். 2000 இல் மறுபடி தோல்வி. 2001 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவான பிறகு நடந்த எல்லாத் தேர்தலிலும் வெற்றி. தொகுதி முறை போய் விகிதாசாரமும் விருப்பு வாக்கும் வந்தது ஊர்ச் சட்டத்தரணிகளுக்குப் பெரிய மாற்றம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு தன் நீதிமன்ற வட்டாரத்தில் பேர் எடுத்தால் போதும். இப்போது மாவட்டம் முழுக்க அறிமுகம் வேண்டும், சொந்தக் கட்சிக்காரனோடேயே போட்டி போட வேண்டும்.

அந்த விகிதாசார முறையைக் கரைத்துக் குடித்த இன்னொரு ஊர்ச் சட்டத்தரணியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கல்முனையிலிருந்து வந்த எம்.எச்.எம். அஷ்ரப். 1981 இல் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்தது அப்போதைய விதி. அதாவது 12.5 வீதம். சிறிய கட்சி எதுவும் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. 1988 இல் பிரேமதாசாவுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஆதரவு தேவைப்பட்டபோது, அதை 5 வீதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டார் அஷ்ரப். தேர்தலுக்கு முன்பே பதினைந்தாம் திருத்தம் வந்துவிட்டது. 1989 இல் அவர் பாராளுமன்றத்தில். எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்த சட்டத்தரணி. பிறகு துறைமுக அமைச்சராகி, ஒலுவிலில் பல்கலைக்கழகம் வர வழி செய்தார். 2000 செப்டெம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறக்கும்போது அவருக்கு 51 வயது. தமிழ்க் கட்சிகள் வாதத்தை வெல்லப் பார்த்தன. அஷ்ரப் தன் கட்சிக்காரருக்கு நட்டஈடு வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். எது சரி என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்றைக்கும் சண்டை நடக்கும்.

கொழும்புக்கு வந்த ஊர்ச் சட்டத்தரணி என்றதும் என் வயதுக்காரருக்கு முதலில் நினைவு வரும் முகம் நடராஜா ரவிராஜ். சாவகச்சேரிக்காரர், யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்தவர், 2001 முதல் பாராளுமன்ற உறுப்பினர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் தாய்மார் ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கி, யாரிடம் போவது என்று தெரியாமல் நின்ற காலம் அது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே ஆளிடம் சட்டத்தரணியும் எம்.பி.யும் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி விளக்க முடியாது. ரவிராஜுக்குச் சரளமாகச் சிங்களம் வரும். தொலைக்காட்சி விவாதங்களில் அவர் சிங்களத்திலேயே வாதாடினார். தமிழ் எம்.பி. ஒருவர் சொல்வதைச் சிங்கள வீடுகள் மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்டன. 2006 நவம்பர் 10 காலை, நாரஹேன்பிட்டியில், வாகனத்தில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தது. 2016 டிசம்பரில் ஜூரிகள் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தார்கள். அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13 இல், நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 இல், இருவரும் இதே கொழும்பில் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சட்டத்தரணிகள். இந்தத் தொழில்காரர் எல்லாப் பக்கத்துத் துப்பாக்கிக்கும் எட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

போர் முடிந்த பிறகான சம்பந்தன்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த சம்பந்தன். 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் தேசியக் கொடியைப் பிடித்தது, 2015 சுதந்திர தின விழாவுக்குப் போனது, இரண்டுக்கும் சொந்தச் சனத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2015 செப்டெம்பரில், இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்ததால், 16 ஆசனம் வைத்திருந்த கூட்டமைப்பின் தலைவர் 82 வயதில் எதிர்க்கட்சித் தலைவரானார். 1977 இன் அதே எண்கணிதம்.

அடுத்த மூன்று வருடமும் அவர் புதிய அரசியலமைப்பை நம்பிக்கொண்டிருந்தார். 2016 க்குள் தீர்வு என்றார். ஆண்டு போனது. எங்கள் குடும்பத்தில் அம்மாவின் பங்குக் காணி வழக்கு ஒன்று பதினொரு வருடம் இழுபட்டது. ஒவ்வொரு முறையும் சட்டத்தரணி வெளியே வந்து, "அக்கா, அடுத்த தவணைக்குப் பாப்பம்" என்பார். அம்மா அவரைத் திட்டியதில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டுவார். சம்பந்தனின் காலக்கெடுக்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த "அடுத்த தவணை" ஞாபகம் வரும். சனம் பகிடி பண்ணியது. அவரோ தவணை போடப்பட்டால் வழக்கு உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளப் பழகியவர்.

2017 செப்டெம்பரில் வெளிவந்த இடைக்கால அறிக்கையிலும் சட்டத்தரணிகளின் கைவேலை தெரிந்தது. சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு". நடைமுறையிலுள்ள அரசியலமைப்பின் தமிழ்ச் சொல் "ஒற்றையாட்சி". அந்தச் சொல்லைத் தொடாமல், சிங்கள வாசகருக்குப் பழைய சொல்லையும் தமிழ் வாசகருக்குப் புதுச் சொல்லையும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்குகளைச் சமாதானமாக முடிக்கிறபோது இப்படி வாசகம் எழுதுவார்கள், இரண்டு பக்கமும் வென்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் இங்கே இரண்டு பக்கத்திலும் மற்றப் பக்கத்து மொழியை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமுமே தாங்கள் ஏமாற்றப்படுவதாகச் சொன்னது. அரசியலமைப்பு வரவில்லை.

வழக்கில் அவர் வென்ற சந்தர்ப்பம் 2018. நவம்பர் 9 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். பத்தொன்பதாம் திருத்தத்தின்படி நாலரை வருடம் முடியுமுன் அப்படிக் கலைக்க முடியாது. பல மனுக்கள் உயர் நீதிமன்றம் போயின. தீர்ப்பு இன்று அறியப்படுவது சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற பெயரில். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைப்புச் செல்லாது என்றார்கள். நாட்டின் பாராளுமன்றத்தைக் காப்பாற்றிய வழக்குக்குத் திருகோணமலைச் சட்டத்தரணி ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 18 இல், சபாநாயகர் மகிந்த ராஜபக்சவை எதிர்க்கட்சித் தலைவராக அறிவித்தார். சம்பந்தனுக்கு அந்தப் பதவி போனது.

அவர் இறந்தபோது உடல் பாராளுமன்றத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டது. ஆசனத்துக்கு விகிதாசார முறைப்படி பட்டியலில் அடுத்து நின்றவர் வந்தார். அந்த ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. கூட்டமைப்பின் முன்னணிச் சட்டத்தரணியாக இருந்த ஜனாதிபதி சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரனுக்கு ஆசனம் கிடைக்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், சம்பந்தன் உயிரோடு இருக்கும்போதே, இன்னொன்று நடந்தது. 2024 ஜனவரி 21 இல் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் கூடி, தன் தலைவரை வாக்கெடுப்பால் தெரிவு செய்தது. முன்னாள் பாடசாலை அதிபர் சி. சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. பெப்ரவரியில் கட்சி மாநாடு நடக்கவிருந்தது. அதற்குள் கட்சி உறுப்பினர் ஒருவர் யாப்பு மீறப்பட்டதாக வழக்குப் போட்டார். திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்து, வழக்குக்குத் தவணை போட்டது.